முதல் வருடத்து மேசை

செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு ஒரு பழுப்பு உறை வந்திருந்தது. கல்லூரி வாசல் அலுவலகத்தின் சுவரில் ஆளுக்கொரு சின்ன மரப்பெட்டி உண்டு. கடிதம், கணக்குத்தாள், தொலைந்துபோன கையுறை எல்லாம் அதில்தான் வரும். உறையின்மேல் பச்சை மையில் 'செல்வி என். பெவன், கணக்கு ஆசிரியை அவர்களுக்கு' என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். அது மார்னியின் கையெழுத்து. காலையில்தான் அவளும் நானும் ஒரே தட்டிலிருந்து வறுத்த உருளைக்கிழங்கைப் பிய்த்துத் தின்றிருந்தோம். செல்வி என். பெவன் நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு நான் நெஸ். முதல் வருடத்துப் பெண்.

நான் முதல் வருடம் இல்லை. ஆராய்ச்சி மாணவி. இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய இடத்தில் தலையாட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

வந்த அன்று, உடுப்புக்கு மேல் எல்லோரும் போட வேண்டிய கல்லூரி அங்கி வாங்கப் போனேன். வாசல் அலுவலகத்தில் டல்லி என்கிற பெரியவர், பழைய அங்கிகளைக் குவித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தோளில் போட்டுப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். "முதல் வருஷந்தானம்மா?" என்று கேட்டுக்கொண்டே நீல நிறக் குட்டை அங்கியை எடுத்து நீட்டினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும் கறுப்பு. எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். "ஆமா" என்றேன். அன்று இரவு மணியடித்து உணவுக் கூடத்துக்குள் நுழைந்தபோது, வாசலில் நின்ற மாணவன் அங்கியைப் பார்த்தே ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். கறுப்பெல்லாம் ஆசிரியர்கள் சாப்பிடும் மேடைக்குப் பக்கத்து மேசை, நீலமெல்லாம் கீழே. மேசையில் இடம் பிடித்துவைக்கும் வழக்கம் கிடையாது. வரிசையாகப் போய் அடுத்த காலி இடத்தில் உட்கார வேண்டும். எனக்கு அடுத்த காலி இடம் மார்னிக்கும் வில்ஃபுக்கும் நடுவில் இருந்தது.

மார்னி க்ரிம்ஸ்பிக்காரி. அப்பாவுக்கு மீன் சந்தையில் வேலை. லத்தீனில் ஒருவன் ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் என் காதருகே வந்து, "இவ்வளவு நேரம் சாமிகிட்ட என்ன பேசறான், குழம்புல உப்பு கம்மின்னா?" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெஞ்சு குலுங்கியது. வில்ஃப் பற்களைக் கடித்துக்கொண்டு மெழுகுவத்தியையே முறைத்தான். அவன் அப்பா யார்க்‌ஷயரில் கசாப்புக்கடை வைத்திருப்பதால் அன்று வந்த ஆட்டிறைச்சியை மோந்து பார்த்தே அதற்கு வயது சொன்னான். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தபோது என் கன்னங்கள் வலித்தன. சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பதினைந்து வயதிலேயே என்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், பாங்கரில். கணக்கு நன்றாக வந்தது, வேறு ஒன்றும் இல்லை. சின்னப் பெண்ணைத் தனியாக விடக்கூடாது என்று விதி இருந்ததால், பஸ் ஓட்டும் என் அப்பா வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு நடைக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார். கூடப் படித்தவர்கள் நல்லவர்கள்தான். கதவைத் திறந்துவிடுவார்கள், சாக்லேட் கொடுப்பார்கள், மாலையில் எங்கோ கிளம்பும்போது நான் போகும்வரை அதைப் பற்றிப் பேசாமல் இருப்பார்கள். நான்கு வருடம் என் வயதுக்காரர்களோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. இப்போது எனக்குப் பத்தொன்பது. மார்னிக்கும் பத்தொன்பது. அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்துபோக எனக்கு மனசு வரவில்லை.

அதனால் மறுநாளும் நீல அங்கி. அதற்கடுத்த நாளும். "நீ எங்க தங்கியிருக்க?" என்று மார்னி கேட்டபோது, "ரோட்டுக்கு அந்தாண்ட வீட்ல. உள்ள எடம் இல்லன்னுட்டாங்க" என்றேன். "அடக் கடவுளே, கெழங்களோடயா போட்டாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிழங்கள் என்றால் ஆராய்ச்சி மாணவர்கள். கணக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், அதில் பொய்யில்லை. ஆனால் முதல் வருடத்தில் கணக்குப் படிக்கும் நிஜமான ஐந்து பேர் மேசையின் மறுகோடியில் உட்காருவார்கள். அவர்கள் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் ரொட்டிக் கூடையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு ரொட்டி தேடுவேன். "ஒரு ரொட்டிய எடுக்க இவ்ளோ யோசனையா?" என்பான் வில்ஃப்.

பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அந்த மூன்று வாரம் போல நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. காலையில் ஆற்றுமேல் பனி படுத்திருக்கும். நூலகத்தில் ஜன்னலோர மேசை ஒன்று எனக்கென்றே ஆகிவிட்டது; அங்கே உட்கார்ந்து மதியம்வரை என் ஆராய்ச்சியைப் பார்ப்பேன். ஒன்றும் நகராது. நகராதது கூடப் பிடித்திருந்தது. பிறகு சைக்கிள்களை விலக்கிக்கொண்டு ஓடி, மார்னியோடு சூப். மாலையில் வீட்டுக்கு வந்தால் சமையலறையில் ஆக்கே பட்டாணி சூப் கிண்டிக்கொண்டிருப்பார். அதே வீட்டில் தங்கியிருந்த ஆராய்ச்சி மாணவர் அவர்; நெதர்லாந்துக்காரர், முப்பத்தொரு வயது, பெரிய தாடி. "இன்னிக்கும் குழந்தைங்களோடதான் சாப்பாடா?" என்று மட்டும் கேட்பார். திட்டுவது போல இருக்காது.

அப்புறம்தான், கல்லூரியில் கணக்கு வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் க்வென்னலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அறிவியல் படிக்கும் முதல் வருடத்தவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாராம். இரண்டிரண்டு பேராக மூன்று ஜோடி, ஜோடிக்கு வாரம் ஒரு மணி நேரம், நீ பார்த்துக்கொள்வாயா? யார் எதைக் கேட்டாலும் நான் சரி என்றுதான் சொல்வேன். சரி என்றேன். பெயர்ப் பட்டியல் அதற்குப் பிறகுதான் வந்தது. முதல் ஜோடி, புதன்கிழமை இரண்டு மணி: மார்னி, வில்ஃப்.

"வேற ஜோடி குடுங்கன்னு கேட்டுடு. காரணம்லாம் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க," என்றார் ஆக்கே. அப்படித்தான் செய்ய நினைத்தேன். மின்னஞ்சலைக்கூட அடித்துவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் மார்னியின் உறையைப் பிரித்தேன்.

எட்டுப் பக்கம். ஐந்து கணக்கு ஒழுங்காகப் போட்டிருந்தாள். ஆறாவது, ஒரு வளைவை வரையச் சொல்லும் கணக்கு. நடுப்புள்ளியை நெருங்க நெருங்க ஏறி இறங்கி நடுங்கும் வளைவு. ஞாயிறு காலை கஞ்சிக் கிண்ணத்தில் கரண்டியால் கோடு போட்டு நான் அவளுக்குச் சொன்னது. அப்படியே எழுதியிருந்தாள், என் வார்த்தைகளோடு. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: 'இது என் சிநேகிதி நெஸ் சொன்னது. புரிந்தது என்று அவளிடம் தலையாட்டிவிட்டேன். புரியவில்லை. அவளுக்கு எல்லாமே சட்டென்று வந்துவிடும், திரும்பக் கேட்டால் என்னை மக்கு என்று நினைத்துக்கொள்வாளோ என்று வெட்கமாக இருக்கிறது. உங்களை எனக்குத் தெரியாது என்பதால் கேட்கிறேன். ஆரம்பத்திலிருந்து சொல்லித்தர முடியுமா?'

அந்த வரிகளை மறுபடி படித்தேன். எனக்கு எழுதியதுதான், ஆனால் நான் படிக்கக் கூடாதது. மின்னஞ்சலை அழித்தேன்.

புதன்கிழமை ஒன்றே முக்காலுக்கே போய்விட்டேன். இரண்டாம் மாடி, இரவல் அறை. ஒரு சோபா, எதிரே நாற்காலி, சுவரில் வெள்ளைப் பலகை. அவர்கள் தாள்களை நாற்காலியில் வைத்துவிட்டு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு தட்டப்பட்டது, நான் வாயைத் திறப்பதற்குள் திறந்தும் விட்டது.

"அட, நெஸ்! உன்னையும் இங்கதான் போட்டாங்களா? சொல்லவே இல்ல பாரு, கள்ளி!" மார்னி என்னை இழுத்துத் தன் பக்கத்தில் சோபாவில் உட்காரவைத்தாள். வில்ஃப் அந்தப் பக்கம் விழுந்தான். மூன்று பேரும் காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

"ஆளக் காணோமே," என்றான் வில்ஃப். "போனவரு சைக்கிள்ல விழுந்தாரு. இந்தம்மா எதுல விழுந்துச்சோ."

"எப்படி இருப்பாங்கன்ற?"

"மீச இருக்கும்."

"செல்வின்னு போட்டிருக்குடா."

"செல்விக்கு மீச இருக்கக் கூடாதுன்னு சட்டமா?"

மார்னி சிரித்துவிட்டு என் காதுக்கு வந்தாள். "நெஸ், நான் அந்தத் தாள்ல ஒரு கிறுக்குத்தனம் எழுதிவெச்சிருக்கேன். உன்னப் பத்தி. அந்தம்மா சத்தமாப் படிச்சா நீ கோச்சுக்கக் கூடாது. சரியா?"

தலையாட்டினேன்.

"கால் மணி வரைக்கும்தான் காத்திருக்கணும்," என்றான் வில்ஃப். "வரலன்னா நடையக் கட்டலாம். அதான் இங்க வழக்கம்."

அது எனக்கும் தெரியும். இரண்டு பத்து ஆகியிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இவர்கள் போய்விடுவார்கள். உடம்பு சரியில்லை என்று க்வென்னலுக்கு எழுதலாம். சாயங்காலம் உணவுக் கூடம், நீல அங்கி, மார்னியின் முழங்கை என் விலாவில். எல்லாம் அப்படியே இருக்கும். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மார்னியின் தோள் என் தோளில் சூடாக இருந்தது. பதினொன்று. பன்னிரண்டு. வில்ஃப் எழுந்து கழுத்துத் துண்டைச் சுற்றினான்.

"உக்காரு வில்ஃப்," என்றேன்.

"வர மாட்டாங்க நெஸ்."

"வந்தாச்சு."

எழுந்துபோய்த் தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வில்ஃப் முதலில் சிரித்தான், ஏதோ விளையாட்டு என்று. பிறகு தாள்களில் பென்சில் குறிப்புகளைப் பார்த்தான். துண்டைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டான்.

"நெரிஸ் பெவன்," என்றேன். "முதல் வருஷம் இல்ல. ஆராய்ச்சி. முன்னயே சொல்லிருக்கணும்."

மார்னி தாளையே பார்த்தாள். "படிச்சியா?"

"படிச்சேன்."

"மூணு வாரமா எங்கள வெச்சு வேடிக்க பாத்திருக்க."

"இல்ல. உங்ககூட சாப்பிடணும்னு இருந்துச்சு. அவ்ளோதான்."

கீழே யாரோ சைக்கிளைச் சங்கிலியால் கட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப சனிக்கிழம நான் மேச மேல ஏறிப் பாடினேனே," என்றான் வில்ஃப், "அத வாத்தியாரம்மாவா கேட்டுட்டிருந்தியா?"

"ஆமா. கர்ணகொடூரமா இருந்துச்சு."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். மார்னி சிரிக்கவில்லை. "வயசு?" என்றாள்.

"பத்தொம்பது."

"அதாவது நெசமா?"

"பிப்ரவரில இருபது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். "நாப்பது நிமிஷம் இருக்கு," என்றாள். "ஆறாவத ஆரம்பத்துலருந்து சொல்லுங்க."

'சொல்லுங்க' என்றது எனக்குச் சுருக்கென்றது. எழுந்து பலகையில் வரைந்தேன். மெதுவாக, ஒவ்வொரு படியாக. "புரியல," என்றாள். வேறு மாதிரி சொன்னேன். "புரியல." இம்முறை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் ஆட்டிய தலையை விட இது எவ்வளவோ மேல். நான்காவது தடவை அவளே எழுந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கி, கோட்டின் நடுப்பகுதியைத் தானே போட்டாள். "இங்கதான் நீ தாண்டிப் போய்ட்ட," என்றாள். பார்த்தேன். தாண்டித்தான் போயிருந்தேன், கஞ்சிக் கிண்ணத்திலும், பலகையிலும்.

மூன்று மணி அடித்தது. இன்னொரு வளைவு வரையச் சொல்லும் ஏழாவது கணக்கைத் தொடவே இல்லை. மார்னி தாள்களை வாங்கிப் பைக்குள் வைத்தாள். "நன்றி," என்று மட்டும் சொன்னாள். வில்ஃப் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். அடுத்த ஜோடி வர ஐந்து நிமிடம் இருந்தது.

ஜன்னலுக்குப் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் முற்றத்துச் சரளைப் பாதையில் போனார்கள். வில்ஃப் வேகமாக, மார்னி பின்னால். பாதி தூரத்தில் அவள் நின்றாள். குடையை மடக்கி, அதன் நுனியால் சரளையில் என்னவோ கோடு போட்டாள். அழித்தாள். மறுபடி போட்டாள். வில்ஃப் திரும்பி வந்து நனைந்துகொண்டே குனிந்து பார்த்தான். பிறகு அவள் நிமிர்ந்து நேராக என் ஜன்னலைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. குடை நுனியால் தரையைக் காட்டிவிட்டு, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏழு விரல்களைத் தூக்கினாள்.

எனக்கு அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. பழக்கத்தில் தலை ஆடப் போனது. பிடித்து நிறுத்திக்கொண்டு, இறுகிக் கிடந்த ஜன்னலை இரண்டு கையாலும் மேலே தள்ளினேன். மழை முகத்தில் அடித்தது.

"தெரியலடி!" என்று கத்தினேன்.

"என்னது?"

"இங்கருந்து தெரியல! பெருசாப் போடு!"

மார்னி காலால் சரளையைத் தேய்த்துச் சமன்படுத்திவிட்டு, வில்ஃபை ஓரமாகத் தள்ளினாள். குடையை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் அழுத்தி, குனிந்தபடி, பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். கறுப்பு அங்கிக்காரர் ஒருவர் அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். அவள் நிமிரவில்லை. முற்றத்தின் பாதி வந்துவிட்டாள், கோடு இன்னும் நீண்டுகொண்டிருந்தது.