வசூலில் சேர்த்த முந்நூறு பேர்

திங்கட்கிழமைச் செய்தித்தாளில் பொய்யாகப் போட்ட முந்நூறு பேரும் செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு நாடகம் பார்க்க வந்துவிட்டார்கள். ஒருவரிடமும் டிக்கெட் இல்லை. கவுண்டரில் டிக்கெட் கிழிக்கும் அக்கா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எண்ணினாள். பிசகே இல்லை, முந்நூறு. எழுதிக் கொடுத்தவளே அவள்தானே!

எந்த அரங்கில் காட்சிக்கு எத்தனை டிக்கெட், எவ்வளவு வசூல் என்று வாராவாரம் செய்தித்தாளில் வரும். நூறு டிக்கெட்டுக்குக் கீழே போன நாடகத்துக்கு அரங்கத்து முதலாளி ஒரு வாரம் தவணை கொடுப்பார், அப்புறம் தூக்கிவிடுவார். இந்த நாடகத்தைப் போட்டவன் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. குடியிருந்த வீட்டை விற்றுப் போட்டுவிட்டு, அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறவன். விற்ற டிக்கெட்டோ தொண்ணூற்றொன்பது. "முந்நூறு சேத்துப் போடுக்கா, யாரு வந்து தலையை எண்ணப் போறாங்க?" என்று கெஞ்சினான். பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தாள். அரங்கில் இருப்பதே முந்நூற்றைம்பது நாற்காலி என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? சிரிக்கிற இடத்தில் அழுதார்கள். மின்விசிறி சுற்றவில்லை, கழிவறையில் தண்ணீர் இல்லை என்று அக்காவிடமே புகார் எழுதி நீட்டினார்கள். காசு கொடுத்தவர்களில் நாற்பத்தொன்பது பேர் சுவரோரம் நின்றார்கள். தினமும் இதே கூத்து. வார முடிவில் தம்பி தலையைச் சொறிந்தான்.

"இன்னொரு நூறு சேத்துக்கலாமாக்கா?"

"சேத்துக்கோ. அவங்களை உன் மடியில உக்கார வெச்சுக்கோ."

அந்த வாரம் உள்ளபடி தொண்ணூற்றொன்பது என்றே எழுதி அனுப்பினாள். தம்பி அவளோடு பேச்சை நிறுத்தினான். முதலாளி தவணை கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை முந்நூறு பேரையும் காணோம், ஒரே ஒருவரைத் தவிர. ஏழாவது வரிசையில் உட்காரும் பழுப்புச் சட்டைக்காரர். நேரே கவுண்டருக்கு வந்து ஒரு நோட்டை நீட்டினார்.

"கடைசிக் காட்சியில தூங்கிடுறேன்மா. இன்னிக்காவது முழுசாப் பாத்துடணும்."

அக்கா நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நல்ல நோட்டு. டிக்கெட்டைக் கிழித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை நூறு என்று அச்சானது. முதலாளிக்குச் சந்தேகம் வந்து, நேரில் வந்து ஒவ்வொரு தலையாக எண்ணினார். நூறு இருந்தது. போய்விட்டார். தம்பி மறுபடி அக்கா என்று கூப்பிட்டான்.

நாடகம் நான்கு வருடமாக ஓடுகிறது. பழுப்புச் சட்டைக்காரர் தினமும் வருகிறார், தினமும் கடைசிக் காட்சிக்கு முன்னால் தூங்கிவிடுகிறார். அக்காவுக்கு அவர்மேல் இருப்பது ஒரே ஒரு எரிச்சல்தான்.

"தினமும் வர்றீங்க, சில்லறையா கொண்டு வரக் கூடாதா?"