கோமதித்தாய் என்று இங்கே யாரும் இல்லை

மேனேஜர் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சத்தியமாக. அழுகையெல்லாம் பேங்கை விட்டு வெளியே வந்த பிறகுதான்.

"லோன் கிடைக்காதும்மா. நீங்க கொடுத்த அட்ரஸ்ல கோமதித்தாய்னு ஒரு ஆளே இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு."

"சார், நான்தான் சார் கோமதித்தாய்! இந்தா உங்க முன்னாடி நிக்கேனே!"

"இங்க நிக்கிறீங்க. வீட்ல இல்லையே."

பக்கத்து மேசையில் இருந்தவர்தான் எங்கள் தெருவுக்கு விசாரிக்க வந்த ஃபீல்டு ஆபீசர். கோமதிநாயகம் என்று பெயர். தடித்த கண்ணாடி, காலடியில் கறுப்பு ரெக்சின் பை. பொய் சொல்லுகிற முகமாகவும் தெரியவில்லை.

"போன வாரம் தெரு முழுக்கக் கேட்டேன்மா, ஒரு வீடு விடல. எல்லாரும் தெரியாதுங்காங்க. தறித் தெருன்னு பேரு, நான் போன நேரம் ஒரு தறிகூட ஓடல. சரி, ரேசன் கார்டுல குருவிகுளம்னு இருக்கேன்னு அங்கனயும் பஸ் ஏறிப் போனேன். அங்க, 'அவுக வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாகளே'ன்னு சொல்லுதாங்க. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. நடுவுல பஸ்லயே குடியிருக்கீகளா?"

கிளார்க்குகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஏனென்றால், நானும் அம்மாவும் குருவிகுளத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு வீடு மாறியதே இந்த லோனை நம்பித்தான். ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்திருந்தேன். கூடப் படித்த ரசீதாவுக்குக் கடையநல்லூர். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் துபாயிலோ சவுதியிலோ இருந்தார்கள். வருகிற ஒவ்வொருத்தரும் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள். அது ரிப்பேர் ஆனால் திருநெல்வேலிக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சங்கரன்கோவிலில் ஒரு கடை போட்டால் போதும், வேலை தானாகத் தேடி வரும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தங்கப்பழம் அண்ணாச்சிக்கு ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "ஆடித்தபசுக் கொடியேத்தம் வரைக்கும் உனக்காகப் பொறுப்பேன் தாயி. அதுக்கு மேல டீக்கடைக்காரன் கேக்கான், குடுத்துருவேன்."

கொடியேற்றத்துக்கு அதிக நாள் இல்லை. ரேடியோ சோதிக்கிற மீட்டர் வாங்க வேண்டும், கருவிகள் வாங்க வேண்டும், கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். எல்லாமே அந்த லோனில்தான் இருந்தது.

சைக்கிளை மிதிக்க மிதிக்க அழுகை போய்க் கோபம் வந்தது. வேறு யார்மேல்? எங்கள் தெருமேல்தான்.

அந்தத் தெருவுக்கு நாங்கள் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வாசல் தெளிக்கும்போது ஒரு சிரிப்புக்கூடக் கிடையாது. எதிர்வீட்டு ஆவுடையம்மாள், நாங்கள் வந்த அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எந்த ஊரு?" குருவிகுளம் என்றேன். "ம்" என்று உள்ளே போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் மருதப்பன் இரண்டு பவர் லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ராத்திரிவரை டடக் டடக் என்று சத்தம். அந்தச் சத்தத்தில் அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். போன வாரம் நடந்ததுதான் மனதில் முள்ளாக நின்றது. ரசீதாவின் அண்ணன் அனுப்பிய டேப்பைச் சரிபண்ண நானும் அம்மாவும் கடையநல்லூர் போயிருந்தோம். சாயங்காலம் வந்து பார்த்தால், வாசலில் காயப்போட்ட துணி ஒன்றைக்கூடக் காணோம். எல்லாம் ஆவுடையம்மாள் வீட்டு மாடிச் சுவரில் சுருட்டிக் கிடந்தது. நான் ஆசை ஆசையாகப் பெயின்ட் அடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த 'கோமதி ரேடியோ ஒர்க்ஸ்' போர்டை யாரோ சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

"நாம இருக்கது இவளுவளுக்குப் பிடிக்கல. வம்பு வேண்டாம்ட்டி" என்று அம்மா துணியை வாங்கி வந்து மடித்து வைத்தாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்றைக்குப் பேசாமல் இருக்க முடியாது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம். ஆவுடையம்மாள் குடத்தோடு வரிசையில் நின்றாள். சைக்கிளை அப்படியே சாய்த்துப் போட்டேன்.

"என்னங்க, போன வாரம் ஒரு சார் வந்து என் பேரைச் சொல்லிக் கேட்டாரா இல்லையா?"

"வந்தான். கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீக?"

"அப்படி ஒருத்தி இங்கன இல்லைன்னேன்."

கொஞ்சம்கூடத் தயக்கம் இல்லை. "நாங்க உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சோம்? எதுத்த வீட்ல இருக்கேன், தெரியாதுன்னு எப்படிச் சொல்லுதீக?"

ஆவுடையம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா? கையில பை வச்சிருக்கான். மூக்குல கண்ணாடி. முழுப் பேரையும் அம்மா பேரையும் சொல்லி, 'அன்னக்கிளி மக கோமதித்தாய் வீடு எது'ங்கான். எதுக்குன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கான். யாரு காட்டிக் குடுப்பா? நீ குடுப்பியா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற பெண்தான் சொன்னாள்: "கோர்ட்டு அமீனான்னு நினைச்சோம்மா. ஜப்தி பண்ண வந்திருக்கான்னு."

அப்புறம்தான் ஆளாளுக்குச் சொன்னார்கள். நூலைக் கடனுக்கு எடுத்துச் சேலை நெய்கிற தெரு அது. சேலை விற்காத வருசம், தறியின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போக ஆள் வந்துவிடும். மருதப்பன் வீட்டிலேயே ஒரு தடவை அப்படி நடந்திருக்கிறது. அதிலிருந்து தெருவுக்கு ஒரு சட்டம். பையோடு வந்து யார் பெயரைக் கேட்டாலும் அந்த ஆள் தெருவில் இல்லை. முதலில் பார்க்கிறவள் தறியை நிறுத்துவாள். அது நின்றதும் அடுத்த வீட்டில் நிறுத்துவார்கள். அந்த அமைதிதான் மணி அடிக்கிற மாதிரி.

"வாசல்ல துணி காஞ்சா ஆளு இருக்குன்னு தெரிஞ்சிரும்லா? நான்தான் அள்ளிட்டுப் போனேன். உன் போர்டு வேற, எம்புட்டுப் பெரிய எழுத்து! பேரை எழுதி வாசல்ல வச்சிருக்கியே, யாராச்சும் வைப்பாவளா? ஓடிப்போய்த் திருப்பி வச்சேன். 'இது யாரு வீடு'ன்னான். எங்க நூல் குடோனுன்னு சொன்னேன். கடன் பேச்சை எடுத்தா உங்க மனசு சங்கடப்படும்னு உங்கம்மாகிட்டகூட மூச்சு விடல. நீ என்னடான்னா சண்டைக்கு வாரே!"

நான் அங்கேயே நின்றேன். இரண்டு மாதமாக எங்களிடம் பேசாத தெரு, எங்களுக்காக வேலையை நிறுத்தியிருக்கிறது. எங்களுக்குக் கடன் இருக்கிறதா, என்ன தப்புச் செய்தோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வந்து ரெண்டு மாசம்தானே ஆச்சு எங்களுக்கு" என்றேன்.

"அதுக்கு? தெருக்குள்ள வந்துட்டா தெருக்காரிதானே" என்றாள் ஆவுடையம்மாள். பிறகு சந்தேகமாக, "ஆமா, அவன் அமீனா இல்லையா?"

"இல்ல சித்தி. பேங்கு. எனக்கு லோன் குடுக்க வந்தாரு."

சித்தி என்று முதல் தடவையாகக் கூப்பிட்டிருந்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. தலையில் கை வைத்துக் குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அடப் பாவி! குடுக்க வாரவனும் அதே பையையா வச்சிருப்பான்?"

மறுநாள் பேங்குக்கு நான் தனியாகப் போகவில்லை. ஆவுடையம்மாள் முன்னால் நடந்தாள். பின்னால் அம்மா, நான், தெருப் பெண்கள் நாலைந்து பேர். கோமதிநாயகம் எழுந்தே நின்றுவிட்டார்.

"இந்தப் பிள்ள எங்க தெருதான்" என்றாள் ஆவுடையம்மாள்.

"அன்னைக்கு இல்லைன்னீங்களேம்மா!"

"அன்னைக்கு நீங்க யாருன்னு சொன்னீகளா வே? பேங்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காப்பி போட்டுக் குடுத்திருப்பேனே!"

"அது எப்படிம்மா சொல்ல முடியும்? ஒரு பொண்ணு கடன் கேட்டிருக்கான்னு தெருவுல போய்ச் சொன்னா அவ மானம் என்னாகும்? விசயத்தை வெளியே சொல்லாம விசாரிக்கணும்கது எங்க ரூல்."

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒருத்தர் என் பெயரைக் காப்பாற்ற வாயைத் திறக்கவில்லை. இன்னொருத்தி என் பெயரைக் காப்பாற்ற நானே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். இரண்டுமாகச் சேர்ந்து என் லோனை முடித்துவிட்டது!

மேனேஜர் யோசித்தார். ரேசன் கார்டை இந்த ஊருக்கு மாற்ற எழுதிக் கொடுத்த ரசீதைக் கொண்டுவரச் சொன்னார். கூடவே, நான் குடியிருப்பதாகத் தெருக்காரர் ஒருத்தர், வீட்டு வரி கட்டுகிறவராக இருந்தால் நல்லது, கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவின் இரண்டாவது சட்டம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக்கூடாது.

சாயங்காலம் கோமதிநாயகம் மறுபடியும் தெருவுக்கு வந்தார். முனையில் திரும்பி வாயைத் திறக்கும் முன்பே ஏழெட்டுக் குரல்: "கோமதித்தாய் வீடா? அந்தா, போர்டு இருக்குல்லா!" ஒரு தறியும் நிற்கவில்லை. அவர் பேசுவது யாருக்கும் கேட்காமல் கடைசியில் மருதப்பனே சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார்.

கோமதிநாயகம் நீட்டிய தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இது ஜாமீன் இல்லையே?"

"இல்ல அண்ணாச்சி. இந்தப் பொண்ணு இங்க குடியிருக்குன்னு மட்டும்தான்."

"மோட்டாரைக் கழட்டுன அன்னைக்கு அப்புறம் நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல."

"வேண்டாம் அண்ணாச்சி, நான் வேற..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு மக்கா." அவர் பேசி நான் தெளிவாகக் கேட்டது அன்றைக்குத்தான். பேனாவைப் பிடித்தபடி இன்னும் யோசித்தார்.

"என்னைக் கெட்டும்போதுகூட இம்புட்டு யோசிக்கலையே!" என்றாள் ஆவுடையம்மாள்.

"யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டுவிட்டார். தெருவே சிரித்தது. கோமதிநாயகத்துக்கு அன்றைக்குக் காப்பியும் கிடைத்தது.

லோன் பணம் கைக்கு வந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் தங்கப்பழம் அண்ணாச்சி சாவியைக் கையில் கொடுத்தார். போர்டை மருதப்பன் அண்ணாச்சிதான் ஸ்டூலில் ஏறி மாட்டினார். முதல் வேலை ரசீதா கொண்டுவந்த டேப். தபசுக் கூட்டத்தில் இன்னும் ஏழெட்டு செட் வந்து சேர்ந்தது. எங்கள் தெருக்காரர் ரேடியோ எதற்கும் நான் கூலி வாங்குவதில்லை. வாங்கினால் ஆவுடையம்மாள் சித்தி அடிப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை கடை வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். கையில் கறுப்புப் பை.

"ஏம்மா, இங்க தறித் தெருவுல மருதப்பன்னு ஒருத்தர். வீடு தெரியுமா?"

சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தேன். "சார் பேங்கா?"

"இல்ல."

"எந்த ஆபீஸ்?"

"அது எதுக்கும்மா உனக்கு?"

"அப்படி யாரும் இல்லையே அண்ணாச்சி" என்றேன். "எதுக்கும் அந்தக் கடைசித் தெருவுல கேட்டுப் பாருங்க."

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கடையைப் பூட்டினேன். சைக்கிளைச் சந்து வழியாக விட்டேன். சித்தி வீட்டு வாசல் கொடியில் இப்போதுதான் பிழிந்து போட்ட சேலை, வேட்டி, எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் வாரி அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். என் பாவாடை தாவணி தொப்பலாகிவிட்டது.

"ஏட்டி, ஈரத்துணியை ஏன் எடுத்துட்டு வாரே? கிறுக்குப் பிடிச்சிட்டா?"

"பை, சித்தி" என்றேன். "கறுப்புப் பை."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினாள். தறி நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது.