ஆறு வீட்டுக் கம்பி

நாட்டின் பிறந்தநாளான டொமினியன் தினத்தன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஓர்ஃபா வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை. அடுப்பிலிருந்து எடுத்த பட்டர் டார்ட் பலகாரத் தட்டை அவள் கைக்கு எட்டிய இடத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

அப்படி அந்த மணி அடிக்கவே கூடாது. எண்ணைச் சுழற்றிப் பேசும் புதுத் தொலைபேசி வந்து பத்து மாதம் ஆகிறது. அதற்கு நீளமும் தெரியாது, குட்டையும் தெரியாது, எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கத்தும். இரண்டு நீளம் ஒரு குட்டை என்பது பழைய ஊரான ஆல்டர் முனையில் இருந்தபோது ஓர்ஃபா வீட்டுக்கான மணி. ஆல்டர் முனை இப்போது நதிக்கு அடியில் கிடக்கிறது.

கப்பல் போக வேண்டும், மின்சாரம் எடுக்க வேண்டும், அதற்கு நதியை ஏரியாக்கப் போகிறோம், இது நாட்டுக்குச் செய்கிற சேவை என்று நான்கு வருடத்துக்கு முன் கோட்டுப் போட்ட ஆட்கள் வந்து சொன்னார்கள். வேறு ஊராக இருந்தால் கல்லெறி விழுந்திருக்கும். எங்கள் ஆட்கள் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, வீடு இப்படிக் கிடக்கிறதே என்று மன்னிப்பும் கேட்டார்கள். தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற பிறவிகள். அறுபது வீடுகளை அடியோடு பெயர்த்து, வண்டியில் ஏற்றி, மேட்டில் போட்ட புதுநகருக்கு இழுத்துப் போனபோது, அலமாரியில் ஒரு கோப்பைகூட உடையவில்லை என்று ஊரே பெருமைப்பட்டுக்கொண்டது.

இடத்தைக் கொடுக்கச் சம்மதம் என்று முதல் கையெழுத்து ஓர்ஃபா போட்டதுதான். அவள் தம்பி வெண்டெல் போட மறுத்தான். அப்பா கட்டிய வீட்டில் அவன் தனியாக இருந்தான். போருக்குப் போய் இத்தாலியில் மூன்று விரல்களை விட்டுவிட்டு வந்தவன்.

"நாடு கேக்குதுடா. குடுத்துதான் ஆகணும்" என்றாள் ஓர்ஃபா.

"மூணு விரல் குடுத்தேனே, பத்தலையாமா உன் நாட்டுக்கு?" என்றான் அவன். "போ. போய் கொடி ஆட்டு. இனிமே எங்கிட்ட பேசாதே."

அவள் பேசவில்லை. அவனும் பேசவில்லை. இரண்டு வருடம் இப்படியே போயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு, ஒரே அம்மாவிடமிருந்து வந்தது. கடைசி வாரம் போலீஸ்காரர்கள் அவனைக் காரில் ஏற்றிப் பக்கத்து நகரத்தில் விட்டார்கள். ஊர் காலியாகிவிட்டது என்று எழுதியும் வைத்தார்கள். அவன் அன்று சாயங்காலமே நடந்து திரும்பி வந்துவிட்டது யாருக்கும் தெரியாது.

போன வருடம் இதே டொமினியன் தினத்தன்று நதியை மறித்திருந்த கரையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பேண்டு வாசித்தது, குழந்தைகள் நாட்டின் சிவப்புக் கொடியை ஆட்டின. தண்ணீர் நிரம்ப நாலு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் ஓர்ஃபாவுக்கு மணி அடித்தது.

அப்போது பழைய கம்பிதான். வீடுகளோடு அதையும் புதுநகர் வரைக்கும் நீட்டிக் கட்டியிருந்தார்கள். வெண்டெல் இருந்த வீட்டின் இணைப்பையும் யாரும் துண்டிக்கவில்லை. ஆறு வீட்டுக்கு ஒரே கம்பி. யாருக்கு மணி அடித்தாலும் ஆறு வீட்டிலும் கேட்கும். அடுத்தவர் மணிக்கு எடுக்கக் கூடாது என்பது சட்டம், எல்லோரும் எடுப்போம் என்பது வழக்கம். எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு கேட்போம். கேட்டதை மட்டும் செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டோம். இதில் ஒரு சங்கடம் உண்டு. எடுக்கிற ஆள் கூடக் கூடக் குரல் தேய்ந்துகொண்டே போகும். ஆறு பேரும் எடுத்துவிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான்.

அன்றைக்கு ஆறு பேரும் எடுத்தார்கள். அக்காவும் தம்பியும் இரண்டு வருடம் கழித்துப் பேசப்போகிறார்கள், குரலைக் கேட்டபின் யார்தான் கீழே வைப்பார்கள்?

"ஓர்ஃபா" என்று வெண்டெல் சொன்னது மட்டும் கேட்டது. மற்றதெல்லாம் முணுமுணுப்பு. அவள் வாயைத் திறக்கவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் பேசலாம் என்று பிடிவாதமாக நின்றாள். தொலைபேசிக்கு மேலே அம்மாவின் கடிகாரம் நொண்டி நொண்டி அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பு நின்றுவிட்டது. நகரத்திலிருந்து திட்டத்தான் கூப்பிட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அந்தப் பக்கம் படகில் போனவர்கள், கூரை மட்டும் வெளியே தெரிந்த வீட்டில் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். அவனுடைய படகு வாசல் தூணில் கட்டியபடியே தண்ணீரில் முங்கியிருந்தது. ஏன் அதில் ஏறவில்லை என்று ஒருவருக்கும் புரியவில்லை.

அன்று அவன் என்ன சொன்னான்? ஒரு வருடமாக இந்த ஒரு கேள்விதான் ஓர்ஃபாவைத் தின்றது. ஐந்து வீட்டுக்கும் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். "ஐயோ, நாங்க எடுக்கவே இல்லையே" என்றார்கள் எல்லோரும், கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டே.

இப்போது மீண்டும் இரண்டு நீளம், ஒரு குட்டை. ஓர்ஃபா எடுத்தாள்.

முதலில் தண்ணீர் அலம்பும் சத்தம். அதற்கு அப்பால் அதே முணுமுணுப்பு. அவள் காதை எடுக்கவில்லை. முணுமுணுப்புக்கு நடுவே ஒரு கனேரிக் குருவி கத்தியது. யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள். அடப் பாவிகளா, இன்றைக்குமா?

"இர்மா, கீழே வையடி" என்றாள். "உன் குருவி கத்தறது கேக்குது."

ஆறு வீட்டுக் கம்பியில் இப்படி ஒருத்தி பெயர் சொல்லிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மன்னிச்சுக்கோ, ஓர்ஃபா" என்றது பக்கத்து வீட்டு இர்மாவின் குரல். டக்கென்று ஒரு சத்தம். முணுமுணுப்பு ஒரு படி உயர்ந்தது.

"ஹைரம், உன் இழுப்பு எனக்குத் தெரியாதா? மார்ச் மாசம் உன்னைப் புதைச்சாச்சு. இன்னுமா ஒட்டுக்கேக்கிறே? வை."

"தப்புதான்மா, மன்னிச்சுக்கோ" என்றான் ஹைரம். அவனும் வைத்துவிட்டான்.

"மத்த மூணு பேரும் வைங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அவன் பேசறது எனக்குக் கேக்கணும்."

டக். டக். கொஞ்சம் யோசித்து, மூன்றாவது டக்.

"...அம்மாவோட கடிகாரம் அடிக்கிறது கேக்குது" என்றான் வெண்டெல், பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி. "எடுத்திருக்கேன்னு தெரியும், ஓர்ஃபா. தண்ணி மாடிப்படிக்கு வந்தாச்சு. படகு வாசல்லதான் இருக்கு. வான்னு ஒரு வார்த்தை சொல்லு, ஏறி வந்துடறேன். நீயே கூப்பிடலைன்னா நான் வேற எங்கே போக? இங்கேயே இருந்துக்கறேன். கேக்குதா? சொல்லு. நான் இருக்கேன்."

கடிகாரம் நொண்டியது. அவன் காத்திருந்தான். அன்றைக்கும் இப்படித்தான் காத்திருந்திருக்கிறான், அவள் பேசாத அத்தனை நேரமும்.

"வாடா" என்றாள். "வா, வெண்டெல். வீட்டுக்கு வா."

அந்தப் பக்கம் ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது.

வெளியே நல்ல வெயில். விழா நான்கு மணிக்குத்தான், தெருவில் ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு கட்டிய கொடிகள் ஆடாமல் தொங்கின. ஓர்ஃபா கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். இரண்டு கோப்பைகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

புதுநகரில் பட்டப்பகலில் கதவைத் தாழிடுகிற வழக்கம் இல்லை, ராத்திரியில்கூட இல்லை. திறந்திருந்த ஜன்னல் வழியே, தெருக்கோடியில் நதியை ஒட்டிய முதல் வீட்டில் தாழ் போடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது வீட்டில். பிறகு மூன்றாவதில். பக்கத்து வீட்டில் இர்மா ஓடிப்போய்த் தாழைத் தள்ளினாள், குருவி வீறிட்டுக் கத்தியது.

அடுத்தது ஓர்ஃபாவின் வீடு. அவள் எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள்.