கோல் விழுந்தபோது ஒரெஸ்ட் எங்கே இருந்தான்

...இல்லை, கோப்பையைத் தூக்கும் படம் போட்ட அட்டையைத்தான் முதலில் நீட்ட வேண்டும், அதில்தான் லெய்ஃப் சிரிக்கிறான், தன் சிரித்த முகத்தைப் பார்த்தால் எந்த மனுஷனுக்கும் கை தானாகக் கையெழுத்துப் போடும், அப்புறம் முன்பல் போன அட்டை, அதற்கும் அப்புறம்தான் அந்த அட்டை, கூடுதல் நேரத்தில் கோல் போடுகிற அட்டை... அல்லது அதையே முதலில் நீட்டிவிட்டால்? ஒரெஸ்ட் ஹ்னாடிவ் பிளாஸ்டிக் உறைகளை மறுபடி மாற்றி அடுக்கினான். டாஃபின் ஊரின் புது டயர் கடையில் வரிசை நகரவே இல்லை. வெளியே மூக்குமயிர் உறைகிற குளிர், உள்ளே ரப்பர் வாடை, குளிர்கால டயர் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு மடக்குமேஜை, அதன் பின்னால் கடைத் திறப்புக்குக் கையெழுத்துப் போட வந்த லெய்ஃப் ஸ்வைன்சன், ரெட் ரிவர் ஐஸ் ஹாக்கி அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவன், அவனைப் போய் டயருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதா, வேறெங்கே வைப்பார்கள், தேவாலயத்திலா? மனைவி லெஸ்யா ஒரு லாரி டயர்மேல் உட்கார்ந்து கையுறை பின்னிக்கொண்டிருந்தாள். "நிக்கிறது நீ, கால் வலிக்கிறது எனக்கு," என்றாள். அவளுக்கு என்ன தெரியும், ஐஸ் ஹாக்கி என்றாலே பனியில் வழுக்கிச் சண்டை போடுவது என்று நினைப்பவள்... ஆனால் அந்தக் கோலை அவள்தானே பார்த்தாள்.

அந்தக் கோப்பை ஆட்டத்து ராத்திரி இன்றைக்கும் அவனுக்கு ஆறவில்லை. கூடுதல் நேரம், சமநிலை, அவன் சோபாவின் நுனியில், வெளியே கார் இன்ஜின் உறையாமல் இருக்க வீட்டிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது, இவள் டீக்குக் கெட்டிலைப் போட்டாள், வீடே இருண்டது. ஃப்யூஸ் போனது கெட்டிலாலா காராலா என்பது அந்த வீட்டில் இன்னும் தீர்ப்பாகாத வழக்கு. தட்டுத்தடுமாறி நிலவறைக்கு இறங்கி ஃப்யூஸை மாற்றினான், விளக்கு வந்தது, ஓடி வந்தான், பாதிப் படியில் இருக்கும்போது தெருவே அலறியது. மேலே வந்தால் திரையில் ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் குவிந்து கிடக்கிறார்கள். "நான் பார்த்துட்டேன் ஒரெஸ்ட்," என்றாள். "சொல்லாத. ஒரு வார்த்தை சொல்லாத." அவள் சொல்லவில்லை. அடுத்த வாரமே அந்தக் கோலின் படம் போட்ட ஒரு அட்டையை வாங்கினான், பக்கவாட்டிலிருந்து எடுத்தது, அப்புறம் பின்னாலிருந்து எடுத்தது, கோல்கீப்பரின் தோளுக்கு மேலிருந்து எடுத்தது... மறு ஒளிபரப்பில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, ஆனால் அது விடை தெரிந்த விடுகதை. தானியக் கிடங்கில் அவனோடு வேலை செய்பவர்கள் "அந்த கோல நீ பார்த்தியா?" என்று கேட்டால் "பின்ன?" என்பான், அந்த 'பின்ன'வைச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவைத்திருந்தான். எல்லா அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் பார்த்த மாதிரிதானே? மாதிரிதான்...

முறை வந்துவிட்டது. இத்தனை வருஷம் மனசுக்குள் 'அவன் அவன்' என்று கூப்பிட்டவன் கிட்டத்தில் 'அவர்' ஆகிவிட்டார், வழுக்கை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, ஒரு கையில் பாதி தின்ற டோனட். ஒரெஸ்ட் அடுக்கிய வரிசையை மறந்து கோல் அட்டையைத்தான் முதலில் நீட்டினான். லெய்ஃப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், பேனாவைத் திறக்கவில்லை.

"இத எல்லாரும் கொண்டு வராங்க. எனக்குத்தான் அந்த ராத்திரி ஞாபகமே இல்ல. ரெண்டாவது பகுதியில தலையில ஒரு இடி வாங்கினேன். அப்புறம் மறுநாள் ஆஸ்பத்திரியில ஜெல்லி சாப்பிட்டதுதான் தெரியும். வீடியோ டேப்ல பார்த்தா யாரோ என் சட்டைய மாட்டிக்கிட்டு ஓடுறான். நீங்க அப்பவே பார்த்திருப்பீங்கல்ல, எப்படிங்க இருந்துச்சு?"

சொல்லு, சொல்லு, முழங்கால் மடங்கிய கோணம்கூடத் தெரியுமே உனக்கு, மட்டையில் சுற்றிய டேப்பின் நிறம் தெரியுமே... ஒரெஸ்ட் வாயைத் திறந்தான். "இடது காலை ஊனி..." அதற்கு மேல் நகரவில்லை, அட்டையில் அவ்வளவுதான் இருந்தது. அப்போதுதான் டயரிலிருந்து குரல் வந்தது. "இவர் பார்க்கல. நான் பார்த்தேன்." ஊரார் முன்னால் மட்டும் அவளுக்கு அவன் 'இவர்'.

"லைட்டு வந்துச்சு, டிவியில நீங்க தனியா நிக்கிறீங்க. மத்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் முட்டிக்கிட்டு இருக்காங்க. கடைக்குள்ள வந்துட்டு என்ன வாங்க வந்தோம்னு மறந்துபோனவர் மாதிரி சுத்திச் சுத்திப் பார்த்தீங்க. அந்தக் கறுப்பு வட்டு வந்து உங்க காலுக்கிட்ட நின்னுச்சு. 'அட, நீயா'ன்னு அதப் பார்த்தீங்க. மெதுவா தள்ளுனீங்க, உள்ள போயிருச்சு."

"மெதுவாவா? எல்லாரும் இடி மாதிரி அடிச்சேன்னுல்ல சொல்றாங்க."

"இடியாவது. சோபாவுலேருந்து பூனையத் தள்ளி விடுவோமே, அப்படி. எனக்கு அழுகையே வந்துருச்சு."

லெய்ஃப் டோனட்டைக் கீழே வைத்தார். "சுத்திப் பார்த்தேன்னீங்களே, எந்தப் பக்கமா திரும்பினேன்?" லெஸ்யா எழுந்து நின்று, பின்னல் ஊசியை மட்டையாகப் பிடித்துத் திரும்பிக் காட்டினாள். பின்னால் யாரோ, "ஏம்மா, நாங்களும் டயர் வாங்கணும்," என்றான். லெய்ஃப் காதிலேயே வாங்கவில்லை, இன்னொரு தடவை காட்டச் சொன்னார். ஒரெஸ்ட் இரண்டு பேருக்கும் நடுவில் தூண் மாதிரி நின்றான், கோபம் வர வேண்டிய இடம் இது, ஏன் வரவில்லை, அவனும் அல்லவா கழுத்தை நீட்டி அவள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்... எல்லா அட்டைகளிலும் கையெழுத்து விழுந்தது. 'லெஸ்யாவுக்கு' என்று.

காருக்கு வந்து கண்ணாடியில் ஒட்டியிருந்த பனியைச் சுரண்டினான், உள்ளே அவள் மடியில் அட்டைகள். வீட்டிலேயே இருந்திருக்கிறது, அந்தக் கோல், முழுசாக, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அடுப்படியில் நின்றுகொண்டே சொல்லியிருப்பாள், அவன் ஊர் ஊராக அட்டைக்கு அலைந்தான். கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

"அழுதியா?"

"வண்டிய எடு, குளிருது."

அன்றைக்கு அவள் கண் ஈரமாக இருந்தது அவனுக்கு நினைவிருக்கிறது, நன்றாகவே பார்த்தான், வெங்காயம் நறுக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு டிவிப் பக்கம் போய்விட்டான்... இருட்டில் யார் வெங்காயம் நறுக்குவார்கள்?