துடைச்சிட்டு வை

"துடைச்சிட்டு வை," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

அவள் பிரஷ்ஷைப் பழைய செய்தித்தாளில் அழுத்தித் தேய்த்தாள். மஞ்சள் பெயின்ட் அதில் மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகம் வரவேண்டும். அதன் பிறகுதான் எழுத்து வெட்டிய தகட்டின் மேல் குத்தவேண்டும். குத்தவேண்டும், இழுக்கக் கூடாது. பெயின்ட் கூடினால் தகட்டுக்கு அடியில் ஊறி எழுத்துக்குத் தொப்பை போட்டுவிடும். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்வதைப் பார்த்தவள்தான். ஆனால் பார்த்ததோடு சரி. துருவைத் தேய்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் அவள் வேலை. எழுத்துப் பக்கம் அவளை அவர் அண்டவிட்டதில்லை.

இன்றைக்கு அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. டாக்டர் கையை விரித்துவிட்டார். அவருடைய விரல்களோ டம்ளரைப் பிடிக்கவே மறுத்தன.

கட்டிலைப் பட்டறை அறைக்குக் கொண்டுவந்து போடச் சொல்லி அவர்தான் அடம்பிடித்தார். அவருடைய அக்கா விடவில்லை. நல்லா இருக்கிறவனுக்கே இந்தத் தின்னர் வாடையில் மூச்சு முட்டுமே, அவனுக்குத்தான் புத்தியில்லை என்றால் உனக்குமா இல்லை என்று அவளிடம் சண்டை பிடித்தாள். தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் துணியோடு வந்து நிற்கிற சுத்தக்காரி. கடைசியில் ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

தெருவில் அவருக்குக் கர்னல் என்று பெயர். பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. பஸ் டிப்போவில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். துப்பாக்கி பிடித்ததெல்லாம் பொருட்காட்சியில் பலூன் சுட்டபோதுதான், அதிலும் பலூன்தான் ஜெயித்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் பழைய போர்க்காலத்துத் தோட்டாப் பெட்டி எங்கே கிடந்தாலும் அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். ஒன்று தூண்டில்காரரிடம் புழுப் பெட்டியாக இருந்தது. இந்தக் கடைசிப் பெட்டி பிளம்பர் ஒருவரிடம், நீலச் சாயம் பூசிக்கொண்டு, ஸ்பேனர் சுமந்தது. அந்த நீலத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அடியில், பச்சையின் மேல், பழைய எழுத்து நிழல்போலத் தெரிந்தது. என்ன தோட்டா, எத்தனை, எந்தத் தேதி. அந்த நிழலைத் தாளில் பிரதியெடுத்து, அதன்படி தகடு வெட்டி முடித்த வாரம்தான் படுத்தார்.

நாளைக்கு மியூசியத்தில் திறக்கப்போகும் கூடத்தில் இந்தப் பெட்டிதான் முன்னால் நிற்கவேண்டும். சாயங்காலம் வண்டி வரும். எழுத்தில்லாமல் போனால் அவர்களே கம்ப்யூட்டரில் அடித்து ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள்.

"நான் போறதப் பத்தி ஒண்ணுமில்ல. ஸ்டிக்கர் மட்டும் வேணாம்," என்றார் காலையில்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒட்ட விடமாட்டேன், போங்க," என்று சொல்லிப் பிரஷ்ஷை எடுத்தவள்தான்.

முதல் வரி முழுக்க அவர் வாய் ஓயவில்லை. துடைச்சிட்டு வை. நேரா குத்து. சாம்பாருக்கா தாளிக்கிற, மெதுவா. இரண்டாவது வரியில் 'துடை' மட்டும் வந்தது. மூன்றாவது வரியில் பாதி வந்தபோது கொஞ்ச நேரமாகச் சத்தமே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

எழுந்துபோய்ப் பார்க்க முடியவில்லை. பெட்டியின் முகப்பில் அடிபட்டு ஒரு சொட்டை. அங்கே டேப் ஒட்டாததால் தகட்டை இடது கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்தால் தகடு நகர்ந்து, போட்ட எழுத்தையெல்லாம் ஈரத்தோடு இழுத்துவிடும்.

"என்னங்க, அடுத்தது எட்டு," என்றாள்.

பிரஷ்ஷை டப்பாவில் முக்கினாள். துடைக்கவில்லை. சொட்டச் சொட்ட எடுத்து டப்பா விளிம்பில் வேண்டுமென்றே ஒரு தட்டுத் தட்டினாள். எந்தத் தூக்கத்திலும் அந்தச் சத்தம் அவரை எழுப்பிவிடும். அப்படியே கொண்டுபோய் எட்டின் மேல் வைத்தாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மஞ்சள் விளிம்பில் திரண்டு, மெல்லத் தகட்டுக்கு அடியில் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பிரஷ்ஷைத் தாளில் தேய்த்தாள். திரும்பவும் தேய்த்தாள். அடுத்த எண்ணைக் குத்த ஆரம்பித்தாள்.

வெந்நீர் டம்ளரோடு வந்த அவருடைய அக்கா கட்டிலருகே நின்றாள். தம்பியின் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏம்மா..."

"தெரியும் அண்ணி." அவள் தலையைத் தூக்கவில்லை. "இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. இப்ப விட்டா எல்லாம் போயிடும்."

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அண்ணியின் வாய் திறந்தது. கத்தப்போகிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, தூக்கிக்கொண்டிருந்த தகட்டின் முனையில் விரலை வைத்தாள்.

"இங்கயா?"

"இன்னும் கீழ."

கடைசி எண்ணும் முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தகட்டை நேராக மேலே தூக்கினார்கள். அதன் பிறகுதான் கட்டில் பக்கம் திரும்பினார்கள்.

சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்து மியூசியம்காரர் தயங்கினார். பெட்டிக்கு ஒன்றும் அவசரமில்லை, நாளைக்கு வேறு ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கொள்கிறோம் என்றார். என்ன ஏற்பாடு என்று அவளுக்குத் தெரியும். எழுந்து அவரைப் பட்டறைக்கு அழைத்துப் போனாள்.

"எழுதியாச்சு. எடுத்துட்டுப் போங்க."

அவர் குனிந்து பார்த்தார். "இந்த எட்டு மட்டும் லேசா ஊறியிருக்கும்மா. நாங்க சுரண்டிச் சரி பண்ணிக்கட்டுமா?"

"வேணாம். அது இருக்கட்டும்."

ஆட்கள் இரண்டு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். கூடத்தில் கிடத்தியிருந்தவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நிலைப்படியில் ஒருவனுக்குப் பிடி நழுவ, உள்ளங்கையை முகப்பில் கொடுக்கப் போனான்.

"எழுத்து மேல கை வைக்காத. காயல."

குரல் தம்பியின் தலைமாட்டிலிருந்து வந்தது. அவள் திரும்பினாள். அண்ணி ஆள்காட்டி விரலை நீட்டியபடி இருந்தாள். அதன் நுனியில் மஞ்சள் பெயின்ட் துடைக்கப்படாமல் இருந்தது.