சத்தம் குறைத்த பாட்டு

1
இதை நான் நேரில் பார்த்தேனா, நண்பன் துரைக்கண்ணு சொல்லிக் கேட்டேனா என்பதில் இப்போது எனக்கே சந்தேகம். எண்பத்தாறாம் வருடம் என்று நினைக்கிறேன். விழுப்புரத்தில் அவன் கலர் டிவியும் வீடியோ கேசட் போடும் டெக்கும் வாடகைக்கு விட்டான். வேலையில்லாத நானும் அவனோடு போவேன். பஸ்ஸில் டெக்கை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் வரை பேசாமல் வருவான். எனக்கும் அது பிடித்திருந்தது.

2
இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய தொடக்கம்: ‘மூடிய கதவை நோக்கி ஒருவன் மழையில் ஓடி’

வேண்டாம். இப்படித் தொடங்கினால் வீடியோவில் வரும் பாடகன் கதாநாயகனாகிவிடுவான்.

துபாயிலிருந்து வந்த கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் கொடுத்த கேசட்டில், படம் முடிந்தபின் ஒரு வெளிநாட்டுப் பாட்டு இருந்தது. நெற்றியில் பட்டை கட்டிய பாடகன் ஒரு கதவுமுன் நின்று பாடுவான். வீட்டுக்குள்ளேயே மழை பெய்யும். புகை வரும். காரணமில்லாமல் புறாக்கள் பறக்கும். துரைக்கண்ணு சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அவனுக்குத் தமிழில் குரல் கொடுப்பான்.

“யம்மா, கதவத் தொற! மல்லாட்டை காயப் போட்டுக்கினு உள்ள இன்னா பண்றே? மழ வந்துடுச்சி!”

புகை வந்ததும், “போச்சு, அடுப்புல கூழு தீஞ்சிடுச்சி. பேஜாரு!”

படத்தைவிட இதற்காகவே அவனைக் கூப்பிட்டார்கள்.

3
திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி அனந்தராஜ் வீட்டுக்கு அடிக்கடி போவோம். ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். எங்களுக்கும் அப்போதே இலை போட்டுவிடுவார்கள். அதன்பின் நீண்ட மாலை மிச்சமிருக்கும்.

அவர் மகள் குசுமாதான் அதிகம் சிரிப்பாள். “போதுங்க, வயிறு வலிக்குது” என்பாள். துரைக்கண்ணு நிறுத்தமாட்டான். அவன் கண் டிவியில் இருக்காது.

[இங்கே ‘காதல்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அவன் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.]

4
குசுமாவுக்கு மேல்சித்தாமூரில் மாப்பிள்ளை முடிவானது. கல்யாணத்துக்கு முன் கடைசியாக ஒரு படம் போடக் கூப்பிட்டார்கள். அன்று பஸ்ஸில் அவன் பேசினான்.

“இன்னிக்கு அந்தப் பாடறவன் வாயில என் சமாச்சாரத்த வுடப் போறேன்.”

“யாருக்குனா புரிஞ்சிடப் போவுதுடா.”

“எல்லாரும் சிரிப்பாங்க. அந்தப் பொண்ணுக்கு மட்டும் புரியும்.”

5
படம் முடிந்து பாட்டு வந்தது. அவன் சத்தத்தைக் குறைத்தான்.

“யம்மாடி, கதவத் தொற...”

அனந்தராஜ் அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“இந்தக் கதவாண்ட எத்தினி நாளா நின்னுக்கினு...”

“இன்னிக்கு ஒரு தபா சத்தம் வைங்க” என்றாள் குசுமா. “நெஜமா இன்னா பாடறான்னு கேக்கணும். அங்க போயிட்டா எங்க கேக்கப் போறேன்?”

“உனக்கு இன்னாம்மா புரியும்?” என்றார் அப்பா.

“புரியாட்டி போவட்டும்பா.”

அவன் டிவியின் சத்தத் திருகைத் திருப்பினான். அதுவரை அந்தக் குரலை நாங்கள் கேட்டதில்லை. அழுது ஓய்ந்தவன் பேசுவதுபோல இருந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை. வீட்டுக்குள் மழை பெய்தது. யாரும் சிரிக்கவில்லை. குசுமா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு திருகிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

6
அவளுக்குப் புரிந்துவிட்டது, அப்பா முன்னால் அவன் சொல்லி முடிப்பதற்குள் தடுத்துவிட்டாள். இது ஒரு முடிவு.

அவளுக்கு எதுவும் தெரியாது. பாட்டைக் கேட்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். இது இன்னொன்று. எது அதிகம் வலிக்கும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒன்று எழுதினேன்: ‘பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது குசுமா வாசல்வரை வந்து, அவனை’

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமையில்லை. முடிப்பதானால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.

7
குறித்த தேதியில் குசுமாவுக்குக் கல்யாணம் நடந்தது. மேல்சித்தாமூரில் இருக்கிறாள், இரண்டு பெண்கள். அனந்தராஜ் இறந்துவிட்டார். துரைக்கண்ணு அந்தக் கடைசிப் படத்துக்குப் பிறகு எந்த வீட்டிலும் குரல் கொடுக்கவில்லை. கூப்பிடுவதும் குறைந்துபோய் டெக்கை விற்றான். அனந்தபுரத்தில் அஞ்சம்மாளைக் கட்டிக்கொண்டு சைக்கிள் கடை வைத்திருக்கிறான். நான் விழுப்புரத்தில்தான் இருக்கிறேன். நாங்கள் சந்தித்தால் டீ குடிக்கிறோம், அதிகம் பேசுவதில்லை.