தர்மபுரி பக்கத்து இஞ்சின்

ஓசூர் கூட்ஸ் யார்டின் மேலிருந்த நடைபாலத்தை ஆடி மாதத்தில் தகரம் வைத்து அடைத்தார்கள். படிகள் துருப்பிடித்து, ஒரு பலகை கழன்று விழுந்திருந்தது. பாலம் வருவதற்கு முன் எப்படிப் போனார்களோ, அப்படியே ஜனங்கள் மறுபடியும் போக ஆரம்பித்தார்கள். நிற்கும் வண்டிக்கு அடியில், குனிந்து.

அதற்கு யார்டை ஒட்டிய காலனியில் ஒரு வழக்கம் உண்டு. இஞ்சினை எப்போதும் பெங்களூர் பக்கத்தில்தான் மாட்டுவார்கள். அங்கே எட்டிப் பார்த்து, இல்லையென்றால் நுழையலாம். பாலம் இல்லாத காலத்தில் தங்கமணியின் புருஷன் மாதவனும் பார்த்துவிட்டுத்தான் நுழைந்தான். அன்றைக்கு இஞ்சின் தர்மபுரி பக்கத்தில் இருந்தது. பிணத்தை எடுக்க விடாமல் காலனியே தண்டவாளத்தில் உட்கார்ந்தது. பாலம் அப்படி வந்தது. திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்ட யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை.

மகள் ஜெயப்ரியாவின் கம்பெனி பஸ் யார்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும். ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போனால் பஸ் போய்விடும். கான்ட்ராக்ட் வேலை. இன்னொரு தடவை லேட்டானால் வரவே வேண்டாமென்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் காலை, தங்கமணி எவ்வளவோ தடுத்தும் கேளாமல் வண்டியோரம் வந்து நின்ற மகள், திரும்பிச் சொன்னாள்: "பெங்களூர் பக்கம் இஞ்சின் இல்லம்மா. பாத்துட்டன்."

தங்கமணி அவள் பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை. அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது, கொஞ்ச நேரம் பார்த்தது, கிளம்பிப் போனது. வண்டி மட்டும் அசையாமல் நின்றது. அன்று முழுக்க அது அசையவே இல்லை.

வேலை போனது. வீட்டில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆவணியில் ஜெயப்ரியாவுக்கு வேறு கம்பெனி கிடைத்தது. அந்த பஸ்ஸும் அதே இடத்தில்தான் நின்றது.

முதல் நாள் தங்கமணி அவளுக்கு முன்னால் கிளம்பி, பெட்டிகளை ஒட்டியே நடந்து, தர்மபுரி பக்கத்துக் கடைசிப் பெட்டியருகில் போய் நின்றாள். இஞ்சின் இல்லை. கையைத் தூக்கிக் காட்டினாள். ஷிப்டுக்குப் போகிறவர்கள் சிரித்தார்கள்.

"கார்டம்மா, பச்சைக் கொடி எங்க?" என்றான் ஒருவன். கேட்டுவிட்டு, அவள் கையைப் பார்த்த பிறகே குனிந்தான்.

தூரத்தில் ஜெயப்ரியாவும் குனிந்தாள். அவள் வெளியே வருவது அங்கிருந்து தெரியாது. பஸ் கிளம்பும் சத்தம் கேட்கிறவரை தங்கமணி தூக்கிய கையை இறக்கவில்லை.